பட்டி வைத்த சட்டை

சுனாமிக்குப் பிறகு, வெறும் பிளாஸ்டிக் போத்தல்களைத் துணிக்குள் வைத்துத் தைத்து, பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை செய்து விற்றாள் குஞ்சம்மா.

"காலுக்கிடையில போற இந்தப் பட்டிய வெட்டிடுங்கக்கா. மகள் அரிக்குதெண்டு அழுறாள்," என்றாள் மருதமுனை பரீனா.

"வெட்டேலாது, தங்கச்சி."

"பொத்துவில்ல எங்கட மச்சி உங்கட சட்டையப் பார்த்துத்தான் ஊருக்கே தைக்கிறா. அதுல பட்டியே இல்ல."

"அவ பார்த்தது பழைய சட்டை."

"அப்ப, சுவரில தொங்குற அந்தப் பழசைத் தாங்கக்கா."

"அது என்ட மகள்ர."

"அவளுக்கு இப்ப சின்னனாயிருக்கும்தானே?"

குஞ்சம்மா ஊசியை வைத்தாள். "போன மாரியில தோணி கவுண்டது. சட்டை தலைவழியாக் கழண்டு, அது மட்டும் கரைக்கு வந்தது."

பரீனா தான் கொண்டுவந்த சட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

குஞ்சம்மா தன் போனை நீட்டினாள். "மச்சிக்குப் போன் எடுங்க. எத்தனை சட்டை தைச்சவ எண்டு கேளுங்க."