செற் உடையக்கூடாது

"கையை எடுங்கோ மிஸிஸ்! அது கொட்டாஞ்சேனைக்குப் போற சாமான்!"

"ஆர் சொன்னது? வெள்ளவத்தையில இருக்கிற சாமான் வெள்ளவத்தையை விட்டு அங்கால போகாது. நீங்கள் முதல்ல கையை எடுங்கோ!"

தியாகராசா வீட்டு முன் ஹோல்ல நடக்குது இந்தச் சண்டை. ஒரு புத்தகக் கட்டின்ர சணல் கயித்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கினம். இஞ்சால நிண்டது அருந்ததி, பக்கத்து ஒழுங்கையில இருக்கிற நூலகத்துக்குப் பொறுப்பானவ. அங்கால நிண்டது சவுந்தரநாயகம். கொட்டாஞ்சேனை வாசிகசாலைச் செயலாளரெண்டு சொல்லிக்கொண்டு வந்தவர்.

தியாகராசாவின்ர மனுசி இரத்தினம்மா தேத்தண்ணித் தட்டோட குசினி வாசல்ல நிண்டா. அவ சண்டையைப் பாக்கேல்லை. மனுசன்ர முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டா.

இழுபட்டது 'முத்தொளி'ச் சஞ்சிகை. தொடங்கின மாதத்தில இருந்து நிண்டுபோன மாதம் வரைக்கும், ஒரு இதழ் விடாமல் தியாகராசா வாங்கி, மருதானையில குடுத்து பைண்ட் பண்ணி வைச்சது. இப்ப என்ன விலை குடுத்தாலும் கடையில கிடையாது. எண்பத்துமூண்டுக் கலவரத்தில வீட்டுச் சாமானெல்லாத்தையும் றோட்டில போட்டு எரிச்சவங்கள். இது மட்டும் பக்கத்து வீட்டு ஜவாஹிறாவின்ர கட்டிலுக்குக் கீழ கிடந்து தப்பினது.

இப்ப கனடாவில இருந்து மகள் ஸ்பொன்சர் பண்ணி, விசாவும் வந்திட்டுது. வாற வெள்ளிக்கிழமை பிளேன். இந்த நேரம் பாத்து ஒரு வாசிகசாலைக்காரர் வந்தார், ஆரெண்டு பேர் வேண்டாம். புத்தகத்தைத் திறந்தும் பாராமல், "கீழ படிக்கட்டடியில போட்டுவிடுங்கோ ஐயா, தேவையானதைப் பொறுக்கி எடுப்பம்" எண்டிட்டுப் போனார்.

அண்டைக்கு விழுந்தது மனுசன்ர முகம். "பொறுக்கிற சாமானே இது? நான் எங்கயும் வரேல்லை, நீர் தனியப் போம்." சூட்கேசும் அடுக்க விடேல்லை. பிறகு அருந்ததி வந்து பதமாக் கேட்டதுக்கும், "பாவம் பாத்துக் கேக்க வந்தனீரோ, பிள்ளை?" எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார். இரத்தினம்மாவுக்கு ஒரு சோறும் இறங்கேல்லை. ஒவ்வொரு றவுண்டப்புக்கும் பொலிஸ் ஏத்திக்கொண்டு போற மனுசனை இந்தக் கொழும்பில தனிய விட்டிட்டு எந்த மனுசி பிளேன் ஏறுவா?

இண்டைக்கெண்டா, பாருங்கோ, ஒண்டுக்கு ரெண்டு பேர்!

"நான் கொட்டாஞ்சேனையில இருந்து செக்பொயின்ற் செக்பொயின்றா இறங்கி, ஐடென்ரிக் கார்ட்டைக் காட்டிக் காட்டி வாறன். இவ பக்கத்து ஒழுங்கையில இருந்து பாத்ரூம் செருப்போட வந்து உரிமை கொண்டாடுறா!" எண்டார் சவுந்தரநாயகம்.

"என்ர செருப்பில என்ன பிழை? பம்பலப்பிட்டியில ஒரு பழைய புத்தகக் கடை விடாமல் இதைத் தேடித் தேய்ஞ்ச செருப்பு! பேப்பரிலயும் விளம்பரம் போட்டனாங்கள். கம்பஸ் பிள்ளையள் ஆராய்ச்சிக்கெண்டு வந்து கேட்டிட்டு வெறுங்கையோட போகுதுகள். இவ்வளவுக்கும் கிடைச்சது மூலை கிழிஞ்ச நாலைஞ்சு இதழ்தான்."

சாய்மனைக் கதிரையில கண்ணை மூடிக்கொண்டு கிடந்த தியாகராசா மெல்ல ஒரு கண்ணைத் திறந்தார். "எந்தெந்த இதழ்?"

"பொங்கல் மலர் இருக்கையா. பச்சை அட்டை."

"பச்சையோ? பொங்கல் மலர் மஞ்சள், பிள்ளை! பச்சையில வந்தது மலைநாட்டு மலர்!" எழும்பி வந்து ரெண்டு பேரையும் விலத்திப்போட்டு, முடிச்சை அவிட்டு, தானே எடுத்து விரிச்சார். "பாத்தீரே? இப்பிடி ஒரு அச்சு இப்ப ஆர் அடிக்கினம்?"

சவுந்தரநாயகம் எட்டிப் பாத்திட்டு, "பாதியையாவது எங்களுக்குத் தாங்கோ ஐயா" எண்டார்.

"பாதியோ!" ஜன்னல் அதிரக் கத்தினார் தியாகராசா. "செற் உடையக்கூடாது, தம்பி! உடைஞ்சா அது கடலை சுத்திற பேப்பர்!"

"அப்ப முழுசாத் தாங்கோ. தராமல் எழும்பமாட்டன்." அந்த மனுசன் கட்டுக்கு முன்னால சப்பாணி கட்டி இருந்திட்டார்.

"இஞ்சாருங்கோ, அயலட்டைக்குக் கேக்குது," எண்டா இரத்தினம்மா. "ரெண்டு பேரும் வேண்டாம். போத்தல் பேப்பர்காரனுக்கு நிறுத்துக் குடுத்திட்டுப் பேசாமல் இருப்பம்."

"என்ன கதை கதைக்கிறீர்! சனம் இதுக்காக அடிபடுகுது, நீர் நிறுக்கப் பாக்கிறீர்!"

நெஞ்சை நிமித்தி, ஜட்ஜ் மாதிரி நடுவில நிண்டு தீர்ப்புச் சொன்னார் மனுசன். "அருந்ததி, நீர் கொண்டுபோம். இரவல் குடுக்கக்கூடாது. அங்கயே இருந்து வாசிக்கட்டும். ஆனால் தம்பிக்கு முழுக்கப் போட்டோகொப்பி அடிச்சுக் குடுக்கவேணும், பாவம், எவ்வளவு தூரம் வந்தவர்."

"இவருக்கோ?" அருந்ததி முகத்தைச் சுழிச்சா. "சரி, ஐயாவுக்காக."

"என்ர பேரொண்டும் போட வேண்டாம்," எண்டார் தியாகராசா. கொஞ்சம் யோசிச்சிட்டு, "போடுறதெண்டா முன்னெழுத்தோட போடுங்கோ. வீ. தியாகராசா."

சவுந்தரநாயகம் புறுபுறுத்துக்கொண்டு முதல்ல படியிறங்கினார். ஓட்டோக்காரன் கட்டுகளைக் காவினான். தியாகராசா கனடாவுக்கு ரெலிபோன் எடுத்திட்டார். "பிள்ளை, ரெண்டு லைப்ரரிக்காரர் எங்கட ஹோல்ல அடிபட்டவை, தெரியுமே? உங்கட நாட்டில இப்பிடி நடக்குமே? ... ஓமோம், வெள்ளிக்கிழமை வெளிக்கிடுறம். எயார்போட்டுக்கு வா, வடிவாச் சொல்லுறன்!"

கீழ் ஒழுங்கை வரைக்கும் கேட்டுது அந்தக் குரல்.

ஓட்டோவுக்குள்ள சவுந்தரநாயகம் மடி நிறையப் புத்தகத்தோட ஒடுங்கிக்கொண்டு இருந்தார். வழியனுப்பக் கீழ இறங்கி வந்த இரத்தினம்மா குனிஞ்சு அவற்ற தோளில தட்டி, "தம்பி, நான் சொல்லித் தந்ததுக்கு மேலாலயெல்லோ சண்டை பிடிச்சீர்!" எண்டா.

மலைநாட்டு மலரை ஓட்டோக்காரனிட்டயும் குடுக்காமல் தானே ஏந்திக்கொண்டு அவருக்குப் பக்கத்தில ஏறி இருந்த அருந்ததி சொன்னா: "கலியாணம் கட்டின நாளில இருந்து, அன்ரி, இந்த மனுசன் என்னை எதிர்த்துக் கதைச்சது இண்டைக்குத்தான்!"