சேலைக் கரையில் ஒட்டியது

அம்மாவின் சேலைக் கீழ்க்கரையில் செலோடேப்பை அழுத்தி உரித்தாள் லோஜினி.

"படிக்கிறன் எண்டு என்ரை சேலையைக் கிழிச்சுப்போடாதை," என்றாள் அம்மா. கோயிலுக்குப் போய் வந்து, அப்போதுதான் கதிரையில் சாய்ந்திருந்தாள்.

தங்கச்சிக்கு உயர்தரத்தில் உயிரியல். பள்ளிக்கூடத்தில் கொடுத்த, மட்டையை மடித்துச் செய்த நுணுக்குக்காட்டி வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவருடைய உடுப்பும் தப்பவில்லை.

டேப்பை உள்ளே செருகி என்னிடம் நீட்டினாள். "முதல் நீ பார் அக்கா. செவ்வரத்தை மகரந்தம்தான் இருக்கும். கோயில் வாசல் முழுக்க அந்தப் பூதானே."

யன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். முதலில் வெறும் பால்நிறம்.

போன மாதம் இப்படித்தான் செவ்வரத்தை மகரந்தமணியைக் காட்டினாள். பெரிய உருண்டை. நீண்ட முட்கள், அளந்து நட்டதுபோல.

இதை ஆர் செதுக்கினது என்று கேட்டேன்.

"ஒருத்தரும் செதுக்கேல்லை. சொதியில மிதக்கிற எண்ணெய்க் கண்ணை ஆரும் அடுக்கினமே? அப்பிடித்தான்."

மணி உருவாகும்போது அதைச் சுற்றி ஒரு கூழ் இருக்குமாம். அதிலுள்ள பொருள்கள் ஒன்றையொன்று இழுக்கும், ஒன்றையொன்று தள்ளும். இழுத்துத் தள்ளித் தாமே ஓர் ஒழுங்குக்கு வந்து, சுவராக இறுகிவிடும். பூவுக்குப் பூ கூழ் வேறு. அதனால் சுவரும் வேறு.

அன்றிலிருந்து சொதிச் சட்டியைப் பார்த்தபடி நான் குசினியில் நின்றுவிடுகிறேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு சுவர் அப்படித்தான் வந்தது.

சுனாமி அப்பாவைக் கொண்டுபோனபோது லோஜினி அம்மாவின் வயிற்றில் இருந்தாள். அதற்குப் பிறகு அம்மா கடற்கரைப் பக்கம் போனதில்லை. எங்களையும் விட்டதில்லை. பஸ் துறைமுகத்தை நோக்கித் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வாள். கடல் என்று சொல்லக்கூடாதென்று யாரும் சட்டம் போடவில்லை. சொல்லாமல் விட்டு விட்டே அது இறுகிப்போனது.

நான் மட்டும் களவாகப் போவேன். நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, மணலில் படர்ந்த அடம்பங்கொடிகளுக்குள் போய் நிற்பேன். அலை காலைத் தொடாத தூரத்தில். கடைசியாகப் போனபோது அந்தக் கொடியின் ஊதாப் பூவொன்றைப் பறித்து வந்து, லோஜினி இல்லாத நேரம் இதே நுணுக்குக்காட்டிக்குள் பார்த்தேன்.

இப்போது நுணுக்குக்காட்டியைக் கண்ணுக்கு இன்னும் கிட்டப் பிடித்தேன்.

பால்நிறத்துக்குள்ளிருந்து, கனவில் ஓர் இடம் தெளிவதுபோல, மெல்ல வந்தது ஒரு சின்ன உருண்டை. குட்டை முட்கள், நெருக்கமாக. முட்களுக்கிடையே வட்ட வட்டமாகச் சிறு வாசல்கள். உள்ளே இருப்பது ஒருநாள் வெளியே வருவதற்குச் சுவர் தானே விட்டுவைத்த வாசல்கள்.

அடம்பு.

கடற்கரை மணலைத் தவிர எங்கள் ஊரில் அது வேறெங்கும் இல்லை.

என் பாவாடையிலிருந்து ஒட்டியதோ என்று ஒரு கணம் பயந்தேன். ஆனால் நான் போய் இரண்டு கிழமை. அம்மாவின் சேலையோ இன்று காலைதான் தோய்த்துக் காய்ந்து கொடியிலிருந்து இறங்கியது.

"என்ன பூ?" லோஜினி என் தோளுக்கு மேலால் எட்டினாள்.

அம்மா தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகாமல் பிடித்திருந்தாள். என்னையே பார்த்தாள்.

"செவ்வரத்தைதான்," என்றேன். டேப்பை இழுத்தெடுத்து விரல்களுக்கிடையில் உருட்டினேன்.

"விசரி! நான் இன்னும் பார்க்கேல்லை!" என்று முதுகில் ஒன்று வைத்தாள் தங்கச்சி.

அம்மா ஒரு மிடறு குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்தாள். சேலைக் கரையை மெதுவாகத் தட்டிவிட்டாள்.

"நாளைக்கு நீயும் வா பிள்ளை, கோயிலுக்கு," என்றாள். "செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டுதான் நடக்கவேணும். மணலுக்கை கால் புதையும்."

எங்கள் வீட்டுப் படலையிலிருந்து கோயில் வாசல்வரை முழுக்கத் தார் வீதி.