ஓடைக்கு இந்தப் பக்கம்

"அங்கேயே நில்லுங்க கேப்டன்! ஓடையைத் தாண்டக் கூடாது!"

மருத்துவர் போட்ட சத்தத்தில், தூக்கிய காலை ஹாலிஸ் கீழே வைத்தார். எதிர்க்கரையில் அவர் மனைவி நாடின் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார்.

விண்கலம் கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம் எப்போதும் இப்படித்தான். போகிறவர்கள் ஒரு கரை, வீட்டுக்காரர்கள் எதிர்க்கரை. பார்க்கலாம், பேசலாம், தொடக் கூடாது.

"தடுமன் ஒட்டிக்கிச்சுன்னா நாளைக்கு ஒரு இருக்கை காலி. இத்தனை வருஷ உழைப்பும் பாழ்," என்று முணுமுணுத்துக்கொண்டே மருத்துவர் நகர்ந்தார்.

ஹாலிஸுக்குத் தெரியாத சட்டமா? கடற்படை விமானியாக இருந்து விண்வெளிக்குப் போனவர். போட்டிருந்த நீலச் சட்டையில் மூன்று பயணங்களின் முத்திரை இருந்தது.

"ஓய்வு வாங்கி நாலு வருஷம் நிம்மதியா தக்காளிக்குத் தண்ணி ஊத்திட்டிருந்த. மறுபடியும் இந்தக் கொசுக்கடி உனக்கு," என்றார் நாடின்.

"என்ன பண்றது, விட மாட்டேங்குதே."

"கை ஏன் இப்படி ஆடுது?"

"கொசு விரட்டுறேன்."

"புளுகாத. புயல்ல ஆடுற கப்பல் மேல விமானத்தை இறக்கின கை அது."

"அப்பல்லாம் எல்லாமே என் கையில இருந்துச்சு, நாடின்."

"நாளைக்கும் நல்ல கையிலதான் இருக்கு."

ஹாலிஸ் சிரிக்கவில்லை. ஒரே ஒரு தடவை கட்டிப்பிடித்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. நாலே எட்டு. ஆனால் அதில் ஒரு எட்டு வைத்தாலும் நாளைய பயணம் போச்சு.

"கலம் கிளம்பி முதல் எட்டரை நிமிஷந்தான் பயம், அது தாண்டிட்டா ஒண்ணுமில்ல. எனக்கு இதைச் சொன்னதே நீதான்," என்றார் நாடின்.

"சொன்னவனுக்கு என்ன தெரியும்?"

"அடப்பாவி! மூணு தடவையும் அதை நம்பித்தானே நான் சோறு தின்னேன்!"

இப்போது இருவரும் சிரித்தார்கள்.

"ஒவ்வொரு தடவையும் பத்திரிகைக்காரங்க என்கிட்டதான் மைக்கை நீட்டினாங்க, 'பயமா இருக்கா மேடம்'னு. உன்னை ஒருத்தன் கேட்டிருப்பானா?"

"இன்னிக்குக் காலையில கேட்டுட்டான்."

"என்ன சொன்ன?"

"சுத்தமா இல்லைன்னேன்."

"பொய்யைப் பாரு!"

"நீயும் அப்படித்தானே சொல்லுவ?"

நாடின் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலு நாள்தான் ஹாலிஸ். கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"உனக்கென்ன, சொல்லிட்டுப் போயிடுவ."

வேன் வந்து நின்றது. விண்வெளி வீரர்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கடைசியாக, பயணத்தின் தலைவர் என்ற முறையில் எல்லோரையும் எண்ணிப் பார்த்துவிட்டு, நாடின் ஏறிக் கதவைச் சாத்தினார்.

மூன்று தடவை அந்த வேனில் ஏறிப்போன ஹாலிஸ், வாழ்க்கையில் முதல் முறையாக வீட்டுக்காரர்கள் கரையில் நின்று கையாட்டிக்கொண்டிருந்தார்.