மாடு உரசும் கல்

வடக்கு டகோட்டாவில் நிலக்கரிக்காகத் தோண்டிய நிலம், பத்தொன்பது வருடம் கழித்து விவசாயி ரைன்ஹோல்டிடம் திரும்பியது. நிலம் பழையபடி ஆகிவிட்டதென்று அவரும் கையெழுத்திட்டால் சுரங்கக்காரர்கள் அரசிடம் கட்டிய பிணைத்தொகை அவர்களுக்குத் திரும்பக் கிடைக்கும். காகிதத்தோடு ஆய்வாளர் டாரெல் வந்திருந்தார்.

அறுவடை முடிந்த கோதுமை அரிதாளில் மாடுகள் மேய்ந்தன. வயல் மேசைபோல் மட்டமாகக் கிடந்தது. நடுவில் மட்டும் தாள் வரிசைகள் ஓர் இடத்தைச் சுற்றி வளைந்திருந்தன.

"விதைக்கிறப்போ நடுவுல ஏன் வளைஞ்சு போயிருக்கீங்க?" என்றார் டாரெல்.

"அங்க ஆளுயரப் பாறை இருந்துச்சு. எங்கப்பா காலத்துலேர்ந்து சுத்தித்தான் ஓட்டுவோம். கை தானா திரும்பிடுச்சு."

"அதை வெடி வச்சுத் தகர்த்தப்ப முன்னால நின்னு பாத்த மனுஷன்" என்று ரைன்ஹோல்டின் மனைவி லியோனா சிரித்தாள்.

மூன்று வயதுக் கறுப்புப் பசு ஒன்று மந்தையை விட்டு அந்த இடத்துக்குப் போனது. வெறும் காற்றில் கழுத்தை உரசியது. பிறகு விலாவை முழு எடையோடு சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு முன்னும் பின்னும் தேய்த்தது. விழவில்லை.

லியோனாவின் சிரிப்பு நின்றது.

டாரெல் காகிதத்திலிருந்து தலையை எடுக்காமல் கேட்டார்: "நிலம் முன்ன இருந்த மாதிரியே இருக்கா?"

"அப்படியேதான் இருக்கு" என்று ரைன்ஹோல்ட் கையெழுத்திட்டார்.

இன்னொரு பசு வந்து, முதல் பசு விலகட்டும் என்று பக்கத்தில் காத்து நின்றது.