ஆறு மிளகாய்ச் செடிக்கு ஒரு விளக்கு

"இந்த ஊதா விளக்கு வேண்டவே வேண்டாம். இதுக்கு முன்னாடி உட்கார்ந்தா மூஞ்சி செத்த மீன் மாதிரி தெரியுது" என்றார் கிளெனிஸ்.

"மிளகாய் நாற்றுக்குத்தானே விளக்கு கேட்டீங்க? அதுல மூஞ்சி எங்கேயிருந்து வந்துச்சு?" என்றேன் நான்.

பூமியின் தென்கோடியில் இருக்கும் எங்கள் ஹூவான்வில்லில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு இந்த மிளகாய்க் கிறுக்கு பிடித்துக்கொள்ளும். அக்டோபர் கடைசியில் ஹோபார்ட் விவசாயக் கண்காட்சி வரும் வரை மிளகாயை வெளியே நடக்கூடாது. நட்டால் உறைபனி கருக்கிவிடும். அதனால் இப்போதே விதை போட்டு, வீட்டுக்குள் விளக்கு வைத்து வளர்ப்பார்கள். என் விதைக்கடையில் விளக்கு விற்பது இந்த ஒரு மாதம்தான். அதில் ஒரு முழுக் காலையை கிளெனிஸ் தின்றுவிட்டார்.

"எத்தனை செடி?"

"ஆறு."

"ஆறா? அப்போ இந்தக் குட்டி டியூப் போதும். இலைக்கு நாலு விரல் மேலே தொங்க விட்டுடுங்க. தள்ளி வச்சா செடி வெளிச்சம் தேடி நெட்டையா ஓடிடும்."

"மேலே தொங்கற கதையே வேண்டாம். நேரா நிக்கணும். வெள்ளை வெளிச்சம். உட்கார்ந்தா முகத்துக்கு நேரா வரணும். அதோ, அது எவ்வளவு?"

அவர் காட்டியது கடையிலேயே பெரிய பலகை விளக்கு. தக்காளிப் பண்ணைக்காரர்கள் வாங்குவது.

"கிளெனிஸ், பக்கவாட்டுல வச்சா செடி கோணிக்கிட்டு வளரும்!"

"வளரட்டும். தொட்டியைத் திருப்பி வச்சா சரியாகிடும். டெஸ் உட்கார்ந்து திருப்புவார்."

டெஸ் அவர் கணவர். நாற்பது வருஷம் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்து, போன மார்ச்சில்தான் விற்றார். வந்தால் கடையையே கலகலக்க வைக்கிற மனிதர். ஜூன் மாதத்திலிருந்து ஊரில் யார் கண்ணிலும் படவில்லை.

"டெஸ் எப்படி இருக்கார்?"

"படுத்துக் கிடக்கார். பத்து மணி ஆனாலும் எழுந்திருக்கறதில்லை, பேசறதில்லை. இந்த மனுஷனை எழுப்பி உட்கார வச்சே ஆகணும், அவ்வளவுதான்" என்றார் வெடுக்கென்று.

சரி, நம்மால் ஆன உதவி என்று ஒரு டைமரை எடுத்து நீட்டினேன். "இதை மாட்டிட்டா காலையில தானே எரியும், ராத்திரி தானே அணையும். யாரும் எழுந்திருக்க வேண்டாம்."

"அதான் வேண்டாம்ங்கறேன்! ஏழு மணிக்கு அவரே எழுந்து வந்து போடணும். போட்டுட்டு அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை தொட்டியைத் திருப்பணும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஓய்வு பெற்ற மனுஷனை இந்தப் பனியில் ஏழு மணிக்கு எழுப்பி, ஆறு மிளகாய்க்குக் காவல் வைக்கிற பெண்டாட்டியை நான் அதுவரை பார்த்ததில்லை. விளக்கைக் கட்டிக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் பப்பில் இந்தக் கதையை நடித்தே காட்டினேன். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். டெஸ்ஸுக்காக ஒருவர் கிளாஸைக்கூட உயர்த்தினார்.

மூன்று வாரம் கழித்து டெஸ்ஸே கடைக்கு வந்தார். முகம் மழித்து, தலை வாரி, கையில் கறி அடைத்துச் சுட்ட இரண்டு மீட் பை. ஒன்றை என்னிடம் நீட்டினார்.

"ஆறு பெரிய தொட்டி குடுப்பா. நாற்றெல்லாம் இடம் பத்தாம முட்டுது."

எனக்கு மனசு கேட்கவில்லை. குனிந்து, கீழ்த்தட்டிலிருந்து டைமரை எடுத்து அவர் கோட்டுப் பைக்குள் மெல்ல நுழைத்தேன்.

"என்னப்பா இது?"

"என் அன்பளிப்பு, டெஸ். கிளெனிஸுக்குத் தெரியாம மாட்டிக்கோங்க. நிம்மதியாத் தூங்குங்க. பாவம், உங்களைப் போட்டு இந்தப் பாடு படுத்தறாங்க."

டெஸ் டைமரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜைமேல் வைத்துவிட்டுச் சிரித்தார். பழைய சிரிப்பு.

"ஜூன்ல டாக்டர் எனக்கு ஒரு விளக்கு குடுத்தார். குளிர்காலம் வந்தா சில பேருக்கு மனசு இருண்டு போகுமாம். தினம் காலையில அரை மணி நேரம் அதுக்கு முன்னாடி உட்காரணும்னார். நான் என்ன கோழிக்குஞ்சா, விளக்கு வச்சுக் காப்பாத்தன்னு கத்திட்டு, கொட்டகையில தூக்கிப் போட்டேன். அன்னிக்கு அவ அழுதா."

கடித்த மீட் பையை மேஜைமேல் வைத்தேன். பப்பில் நான் ஆடிய கூத்து நினைவுக்கு வந்து காது சுட்டது.

"அப்போ... அந்த விளக்கு செடிக்கு இல்லையா?"

"எங்க வீட்டுல யாருப்பா மிளகாய் சாப்பிடறா? அவளுக்கு மிளகு பட்டாலே விக்கல் வரும்!"

"உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?"

"முதல் நாளே. நாற்பது வருஷம் செடி வளர்த்தவனுக்கு, விளக்கு எங்கே நிக்கணும்னு தெரியாதா?"

தொட்டிகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அவகிட்ட மூச்சு விட்டுடாதே. என்னை நல்லா ஏமாத்திட்டோம்னு ரொம்ப சந்தோஷமா இருக்கா."