உப்பில் ஊறிய செர்ரி இலை

ஜப்பானில் ஒரு செர்ரி மரம். அது முதலில் பூக்கும். பூவெல்லாம் உதிர்ந்த பிறகுதான் இலை விடும். அதனால் அதன் இலைகள் ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லை.

அங்கே செர்ரி இலையை உப்பில் ஊறவைத்து இனிப்புக் கொழுக்கட்டைக்குச் சுற்றுவார்கள். அப்படி இந்த மரத்தில் பறித்த ஓர் இலை, பூவைப் பார்த்தே தீருவது என்ற ஆசையோடு வருஷம் முழுக்க உப்பு ஜாடியில் ஊறிக் கிடந்தது. வசந்தம் வந்ததும், பூப் பார்க்கக் கிளம்பியவர்கள் அதை எடுத்து, இனிப்புக் கொழுக்கட்டை ஒன்றின் மேல் சுற்றி டப்பாவில் வைத்தார்கள்.

“பூப் பார்க்கத்தான் போறாங்க, அக்கா. ஆனா திறந்ததும் நம்ம ரெண்டு பேரையும் சேர்த்து வாயில போட்டுட்டா?” என்று சீண்டியது காலையில் பிறந்த கொழுக்கட்டை.

“இலையை உரிச்சுட்டுத் தின்கிறவங்களும் இருக்காங்கடா,” என்றது இலை.

அதே மரத்தடியில் பாய் விரித்து டப்பாவைத் திறந்தார்கள். ஒரு கை இலையை உரித்துப் பாயோரம் வைத்தது. இலை அண்ணாந்து பார்த்தது. வானம் தெரியாமல் பூ.

அப்போது ஓர் இதழ் உதிர்ந்து அதன்மேல் விழுந்தது.

“நீ யாரும்மா?”

“இந்த மரத்து இலை. நீங்க போனப்புறம் வர்றவ.”

இதழ் சொன்னது:

“நாங்க போனா மரம் மொட்டையா நிக்குமேன்னு அழுதுட்டே விழுந்தேன்.”

“அதுக்குத்தானே நாங்க வர்றோம்,” என்றது இலை.