கவிஞருடைய மனைவி

ஜெர்மனியின் பான் நகரத்து மாலை வகுப்பில் குழல்விளக்கு மெல்ல இரைகிறது. யன்னலுக்கு வெளியே ஈரப்பனி விழுகிறது. திருமணமாகிப் பதினோரு வருடம் மன்னாரில் காத்திருந்து, போன வருடம்தான் கணவனிடம் வந்து சேர்ந்த பிளோறன்ஸ், முன்வரிசையில் இருந்து பென்சில் சீவுகிறாள். அவளைக் கூட்டிப்போக வந்த கணவன் சில்வெஸ்டர் கடைசி வரிசை வாங்கில் சாய்ந்திருக்கிறான். அவனுடைய சப்பாத்தைச் சுற்றி நீர் தேங்குகிறது. இன்றைய ஜெர்மன் பாடம், நானூறு வருடங்களாக மேடைகளில் வாழும் ஓர் ஆங்கில நாடகக் கவிஞரின் வாழ்க்கை. மனைவியையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு லண்டனில் இருந்து எழுதியவர். "அவ்வளவு காலம் தனியாகவா இருந்திருப்பார்?" என்று ஆசிரியை சிரித்தபடி சில்வெஸ்டரைக் கேட்கிறாள். அவன் தடங்கலில்லாத ஜெர்மனில் சொல்கிறான்: "எப்படி முடியும்? நானும் இங்கே ஒருத்தியோடுதான் இருந்தேன். என் மனைவிக்குத் தெரியாது. இப்போது நான் சொல்வதும் அவளுக்கு விளங்காது." பென்சிலைச் சீவிய கை நிற்கிறது. ஆசிரியையின் சிரிப்பும் பாதியில் நிற்கிறது. "என்னப்பா சொன்னனீங்கள்?" பிளோறன்ஸ் திரும்பாமலே தமிழில் கேட்கிறாள். "அந்த மனுசன் பாவமாம், மனிசியை நினைச்சே காலம் போச்சுதாம். உமக்கு இவ்வளவு கெதியான ஜெர்மன் இன்னும் ஏலாது." ஆசிரியை அவசரமாகப் புத்தகத்துக்குத் திரும்பி அடுத்த கேள்வியை வாசிக்கிறாள்: கவிஞர் வீடு திரும்பியபோது மனைவி என்ன கேட்டிருப்பாள்? பிளோறன்ஸ் கையை உயர்த்துகிறாள். ஒவ்வொரு சொல்லாக, ஜெர்மனில் சொல்கிறாள்: "அந்தப் பெண் இப்போதும் இந்த நகரத்தில்தான் இருக்கிறாளா என்று கேட்டிருப்பாள்."